கடலடி கிளைடர் செய்கிறீர்களா? கால் கிலோவை எங்கே கோட்டைவிடுகிறோம்

கடலடி கிளைடர் என்பது நீருக்குள் தானாகப் பயணித்துக் கடல்நீரை அளக்கும் கருவி. அதற்குச் சுழலும் விசிறி கிடையாது. பிஸ்டன் உள்ளே போனால் கொஞ்சம் கடல்நீர் புகுந்து கருவி இறங்கும். அதை வெளியே தள்ளினால் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை இறக்கைகள் முன்னோக்கிய நகர்வாக மாற்றிவிடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளைடர் ஒன்று 2009-இல் இப்படியே அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயின் போய்ச் சேர்ந்தது.

ராமநாதபுரம் கரையில் இறக்க ஒன்று செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கை மனதில் வாங்க வேண்டும். ஐம்பது கிலோ கருவியை நகர்த்துவது, இறங்கும்போது கால் கிலோ கூடுதல் எடை, ஏறும்போது கால் கிலோ கூடுதல் மிதப்பு, அவ்வளவுதான். பெரும்பாலான தவறுகள் இந்தக் கால் கிலோவைத் தெரியாமல் செலவழிப்பதில்தான் நடக்கின்றன.

பெரிய தவறு எடை சரிபார்ப்பில். கல்லூரித் தொட்டியில் மிதக்கவிட்டு, ஈயத்துண்டுகளைக் கூட்டிக் குறைத்து, சரி என்று கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். கருவியின் கொள்ளளவு 50 லிட்டர் என்றால், நீரின் அடர்த்தி லிட்டருக்கு ஒரு கிராம் மாறினாலே 50 கிராம் வித்தியாசம். நன்னீரிலிருந்து கடல்நீருக்குப் போனால் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை வைக்க வேண்டும். அதிலும் நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை நன்னீர் என்று வைத்துப் போடும் கணக்கு அங்கேயே தப்பிவிடும். தொட்டி நீரின் அடர்த்தியையும் அளந்துகொள்ளுங்கள்.

கடல்நீரிலேயே சரிபார்த்தாலும் வேலை முடியாது. வாடைக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் பாக் நீரிணை வழியாக மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கும். ஒரு கிலோ நீரில் 35 கிராம் இருந்த உப்பு 30 கிராமாகக் குறைந்தால், நம் 50 லிட்டர் கருவி ஏறக்குறைய 190 கிராம் மிதப்பை இழக்கும். ஏறுவதற்கு வைத்திருந்த 250 கிராமில் மிச்சம் 60. இறங்கும்போது வேகமாகப் போகும். ஏற முடியாமல் திணறும். தனுஷ்கோடியில் ஆண்கடலும் (மன்னார் வளைகுடா) பெண்கடலும் (பாக் விரிகுடா) ஒரு மணல்திட்டின் இரு பக்கத்தில் இருக்கின்றன. அதற்காக இரண்டிலும் ஒரே நீர் என்று நினைக்காதீர்கள். எந்தப் பக்கம், எந்தப் பருவத்தில் இறக்கப் போகிறோமோ, அந்த நீரை அளந்துதான் எடையை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது சிக்கிய காற்று. மூக்குப் பகுதியிலும் வாலிலும் நீர் புகும் வெற்றிடங்கள் இருக்கும். அங்கே 100 மில்லி காற்று தங்கினால், பத்து மீட்டர் ஆழத்தில் அது 50 மில்லியாகச் சுருங்கும். கருவி 50 கிராம் கனமாகிவிடும். எனவே நீர் வடியும் துளையைக் கீழே மட்டும் போடாமல், காற்று வெளியேற மேலேயும் போடுங்கள். நீருக்குள் வைத்து மூக்கை மேலும் கீழும் சாய்த்து, குமிழி வருவது நிற்கும் வரை ஆட்டுங்கள். வெயிலில் கிடந்த அலுமினிய உடலைச் சுடச்சுட எடைபோடுவதும் தப்பு. 20 டிகிரி குளிர்ந்தால் அது கிட்டத்தட்ட 70 மில்லி சுருங்கும்.

ஆழ்கடல் கிளைடரில் மிதப்பை மாற்றும் பம்பை அப்படியே எடுத்துப் பொருத்துவதையும் பார்க்கிறோம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். நொடிக்கு 10 சென்டிமீட்டர் வீதம் இறங்கினால் பத்து மீட்டருக்கு 100 நொடி. பம்பு தன் வேலையை முடிக்கவே ஒரு நிமிடம் எடுத்தால், பாதிக்கு மேல் நேரம் திரும்புவதிலேயே போய்விடும். கருவி மண்ணிலும் முட்டும். இங்கே தேவை ஒரே வீச்சில் சட்டென்று நீரைத் தள்ளும் அகலமான பிஸ்டன். என் கருத்தில் நம் கரைக்கான வடிவமைப்பு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உள்ளிருக்கும் பேட்டரியை உருட்டி, உடலைப் பக்கவாட்டில் சாய்த்துத் திசை திருப்பும் வகை என்றால், இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரே கட்டளையைக் கொடுக்காதீர்கள். ஏறும்போது இறக்கையின் தூக்கு விசை கீழ்நோக்கி இருக்கும். அதே சாய்வு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும்.

நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் நீர் கசியலாம். கருவியை மூடியதும் உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி, அழுத்தமானி ஓர் இரவு முழுக்க நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வேகம். கிளைடர் மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில்தான் போகும். பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தை எதிர்த்து அது நிற்காது. பயண வழியை அதற்குள் போடவே கூடாது. இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்து வைத்தால் கடல்தாழை சிக்காமல் வழுக்கிப் போகும். வலையில் மாட்டினால் இறக்கை தனியே கழன்றுவரும்படி பிளாஸ்டிக் திருகு போடுங்கள். வலையும் கிழியாது, உடலும் உடையாது. நண்டு வலை எங்கே கிடக்கிறது, விசைப்படகு எந்த நாளில் போகிறது என்பதை மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். உடலுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, இது என்ன கருவி, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.