வீட்டு நாஸிலிருந்து படங்களைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பப் படங்களை ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் குவித்து வைக்காமல், சொந்த நாஸ் கருவியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டி) வைத்து அங்கிருந்தே உறவினர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற விருப்பம் நியாயமானது. ஆனால், ஒரே ஒரு படம் வெளியே போகும்படி வழி திறந்த நொடியிலேயே, சேமிப்புக்காக வாங்கிய அந்தப் பெட்டி இணையத்தில் இயங்கும் ஒரு சர்வராகிவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

தவறுகளில் மிகப் பெரியது, ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் வாசலைத் திறந்து நாஸின் நிர்வாகப் பக்கத்தையே உலகத்துக்குக் காட்டுவது. நாம் கைப்படத் திறக்காவிட்டாலும், ரவுட்டரில் யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் நாஸ் தானாகவே அந்தக் காரியத்தைச் செய்துகொள்ளக்கூடும். இணையத்தில் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடியலையும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. 2021 ஏப்ரலில் பரவிய க்யூலாக்கர் என்ற பணம் பறிக்கும் தீநிரல், க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் கருவிகளில் இருந்த கோப்புகளை, கோப்புகளைச் சுருக்க எவரும் பயன்படுத்தும் 7-ஜிப் மென்பொருளைக் கொண்டே கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில், 2015-க்குப் பிறகு ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) புதுப்பிப்பே வராத வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் கருவிகள் தொலைவிலிருந்தே ஃபேக்டரி ரீசெட் செய்யப்பட்டு, பலருடைய பல ஆண்டுப் படங்கள் அழிந்துபோயின. ஆகவே, ரவுட்டரில் யுபிஎன்பியை நிறுத்துங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பதிவு இருந்தால் நீக்குங்கள். புதுப்பிப்பு நின்றுபோன கருவியை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பகிர்வது எப்படி? வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் வயர்கார்டு, டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும், மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அதை நிறுவச் சொல்ல முடியாதவர்களுக்கு, நாஸ் தயாரிப்பாளர் தன் சர்வர்கள் மூலம் இணைத்துவைக்கும் இடைவழிச் சேவையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் ஒரு வாசல்தான். அத்தகைய சேவையான, சினாலஜி நிறுவனத்தின் குவிக்கனெக்ட் அமைப்பில் எந்தெந்தச் செயலிகள் வெளியே தெரியலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். அங்கே படச் செயலியை மட்டும் விட்டு நிர்வாகப் பக்கத்தின் குறியை எடுத்துவிட்டு, எல்லாக் கணக்குகளுக்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

அவசரத்தில் அட்மின் கணக்கின் கடவுச்சொல்லையே உறவினருக்குக் கொடுப்பதும், முழுக் கோப்புறையையும் பகிர்வதும் அடுத்த தவறு. பகிர்வதற்கென்றே தனிக் கோப்புறை வைத்து, காலாவதித் தேதியும் கடவுச்சொல்லும் கொண்ட லிங்க்கைக் கொடுங்கள்; கடவுச்சொல்லை அதே செய்தியில் எழுத வேண்டாம், ஏனெனில் அந்தச் செய்தி யாருக்கெல்லாம் முன்னனுப்பப்படும் என்பது நம் கையில் இல்லை.

பலருடைய கண்ணுக்குத் தப்பும் தவறு ஒன்று உண்டு. கைபேசியில் எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் தகவலில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கலாம். செய்திச் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கும்போது இதை நீக்கிவிடுகின்றன. நாஸோ பெரும்பாலும் மூலக் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. வீட்டு முற்றத்தில் விளையாடும் குழந்தையின் படத்தைப் பதிவிறக்குபவர், அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட முடியும். இடத் தகவல் நீக்கிய நகல்களை மட்டுமே பகிர்வது நல்லது.

நகல்களைச் சிறிதாக்கினால் வேகச் சிக்கலும் குறையும். இணையத் திட்டங்களில் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு. வினாடிக்கு 20 மெகாபிட் என்றால், 1 ஜிபி தொகுப்பு வெளியே போக ஏறத்தாழ 7 நிமிடம் ஆகும், இருவர் ஒரே நேரத்தில் எடுத்தால் அது இரட்டிப்பாகும். 192.168 என்று தொடங்கும் முகவரியை வெளியூரில் இருப்பவருக்கு அனுப்பிவிட்டு, லிங்க் திறக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். அந்த முகவரி உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டுமே செல்லும்.

கடைசியாக, இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே தரவை எழுதிவைக்கும் ரெய்டு இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஒன்று பழுதானால் மட்டுமே ரெய்டு காப்பாற்றும். ஒரு படம் அழிக்கப்பட்டாலோ பூட்டப்பட்டாலோ அந்த மாற்றம் இரண்டிலும் அந்த நொடியே பதிவாகிவிடும். நகலெடுத்ததும் கழற்றி வைக்கும் வெளிப்புற டிஸ்க் ஒன்றும், வேறொரு இடத்தில் இன்னொரு நகலும் இருக்கட்டும். அவ்வப்போது அந்த நகலிலிருந்து ஒரு ஆல்பத்தை மீட்டெடுத்து, படங்கள் உண்மையாகவே திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.