ஒருசந்தி முடிக்க நீராகாரம்

ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் கத்தோலிக்க நோன்புதான் ஒருசந்தி. அதை முடிக்கும்போது முதல் வாய்க்கு டீயும் வடையும் வேண்டாம். முந்தின இரவு தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றின் நீராகாரத்தில் கல் உப்பைக் கரைத்து, ஒரு செம்பு மெதுவாகக் குடியுங்கள். ராமேஸ்வரம் தீவின் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வெயில் ஏறும் மாதங்களில் வருகிறது; இயேசுவின் பாடுகளை நினைத்து ஜெபிக்கும் சிலுவைப் பாதை நடந்து வந்த உடம்பு வியர்வையில் தண்ணீரோடு உப்பையும் இழந்திருக்கும். நீராகாரம் இரண்டையும் திருப்பித் தருகிறது, வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பண்டம் கிளப்பும் எரிச்சலும் இல்லை. (தண்ணீரால் ஒருசந்தி முறிவதில்லை, பகலிலும் தாராளமாகக் குடியுங்கள்.) மிச்சமாகும் காசு தர்மத்துக்குப் போகட்டும், அதுவும் நோன்பைச் சேர்ந்ததே.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஒருசந்தி இருக்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையே நோயாளிகளுக்கு விலக்கு தருகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடுங்கள்.