அம்பாறையில் அறை, அறுகம்குடாவில் அலை

போன கிழமை ஒரு தம்பி அழைத்தான். புதிதாக வேன் எடுத்திருக்கிறான். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற குடும்பங்களை இலங்கையின் கிழக்கில் சுற்றிக்காட்டும் தொழிலுக்கு வந்து இரண்டு மாதம்தான். "அண்ணே, அறுகம்குடா பார்க்க வாற ஆக்களுக்கு அம்பாறையில மூணு இரவு ரூம் போட்டுட்டன். அங்கத்த விலையில பாதிதான்." குரலில் அப்படியொரு சந்தோஷம். எனக்குப் பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. இதே வேலையை, இதே சந்தோஷத்தோடு, நானும் ஒரு காலத்தில் செய்தவன்.

அதனால்தான், கிழக்கைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் விடுகிற பிழைகளை எழுதுகிறேன். மார்கழி மழையில் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகாதீர்கள், தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. அதை யாரும் சொல்வார்கள்.

மாவட்டத்தின் பெயரை நம்பி அறை போடுவது

அலைப்பலகை ஏறுகிறவர்கள் தேடி வருகிற அறுகம்குடா அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. அது உண்மை. ஆனால் அம்பாறை நகரம் கடற்கரையில் இல்லை. வயலும் குளமுமாக உள்நாட்டில் கிடக்கிறது. அங்கிருந்து அக்கரைப்பற்றுக்கு இறங்கி, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி தாண்டி, பொத்துவில் கடந்துதான் அறுகம்குடா. 70 கிலோமீட்டருக்குக் குறையாது. சியம்பலாண்டுவ வழியாகச் சுற்றினால் இன்னும் கூட. அறை தேடுகிற செயலியில் "அம்பாறை" என்று அடித்தால் இரண்டு ஊரும் ஒன்றாக வந்து நிற்கும். மலிவானது மேலே வரும். கை தானாக அதைத் தொடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் வருசம். கனடாவிலிருந்து சின்னம்மா, அவருடைய இரண்டு மகன்மார், மருமகள், பேரப்பிள்ளைகள். ஆவணி மாதம், அலை ஏறுகிறவர்களால் அறுகம்குடா நிரம்பி வழிகிற நேரம். அங்கே விலை கேட்டுத் தலை சுற்றிப்போய், அம்பாறை நகரத்தில் மூன்று இரவுக்கு முழுக்காசும் கட்டி அறை எடுத்தேன். இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் இறக்கினேன். நல்ல அறை, நல்ல மின்விசிறி, சுத்தமான குளியலறை. ஒரு குறையும் இல்லை.

விடிந்ததும் சின்னம்மா யன்னலைத் திறந்தார். வெளியே வயல். வயலுக்கு அப்பால் ஒரு கொக்கு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிக் கேட்டார்: "எங்க மனே கடல்?"

அன்று எல்லாரும் எழும்பிக் குளித்துப் புறப்பட ஏழரை ஆனது. அக்கரைப்பற்றில் தேத்தண்ணீர், திருக்கோவிலில் பிள்ளைக்கு வாந்தி. போய்ச் சேர ஒன்பதரை தாண்டிவிட்டது. அலைப்பலகை பழக வந்த மகன்மாருக்கு வேண்டியது விடியற்காலை. காற்றுக் கிளம்பமுதல் கடல் ஒழுங்காக இருக்கும், அலையும் கூட்டமும் கைக்கு அடங்கும். நாங்கள் போனபோது பழக்குகிற பொடியன் முதல் வகுப்பை முடித்துவிட்டுச் சோர்ந்துபோய் மணலில் இருந்தான். திரும்பி வரும்போது பொழுது பட்டுவிட்டது. கோமாரிப் பக்கம் வீதியோரம் யானை நின்றதால் முன்னால் போன பேருந்தின் பின்னால் இருபது நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு இருந்தோம். பேரப்பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் அன்றைய சுற்றுலா.

இரண்டாம் நாள் நாலரைக்குப் புறப்படலாம் என்றேன். யாரும் எழும்பவில்லை. மத்தியானம் போல, மிச்ச ஒரு இரவுக்குக் கட்டிய காசை விட்டுவிட்டு, அறுகம்குடாவில் அந்தப் பருவத்து விலைக்கே வேறு அறை எடுத்தோம். விடுதிக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. காசு திருப்பித் தரமாட்டோம் என்று எழுதித்தான் இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு இடத்துக்குக் காசு, போய்வந்த 140 கிலோமீட்டருக்கு டீசல், அதற்கு மேல் சின்னம்மாவின் மூத்த மகன் வழி முழுக்கப் பேசாமல் வந்தது. ஊருக்குப் போனபின் சின்னம்மா தொலைபேசியில் சுகம் கேட்கும்போதெல்லாம் ஒருமுறை "கடல் வந்திட்டுதா மனே?" என்பார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், தவிர்ப்பது அவ்வளவு எளிது. மாவட்டப் பெயரில் தேடாமல் ஊர்ப் பெயரில் தேட வேண்டும். பொத்துவில், அறுகம்குடா, உல்லை. அறுகம்குடாவை உள்ளூர் ஆட்கள் உல்லை என்றுதான் சொல்வார்கள். அறைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில வெறுங்காலோட கடலுக்கு நடந்து போகலாமா?" பதில் சொல்ல ஒரு நொடி தயங்கினாலும் வேறு இடம் பாருங்கள். உல்லையிலேயே இருந்தாலும் எந்த அலைக்குப் போகிறீர்கள் என்பதும் கணக்கு. விஸ்கி பொயின்ற் பொத்துவிலுக்கு வடக்கே, பீனட் ஃபாம் தெற்கே பாணமைப் பக்கம். இரண்டுக்கும் ஓட்டோ பிடிக்க வேண்டும்.

அம்பாறை நகரத்தில் தங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கினியாகலைக்குப் போய்ச் சேனாநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளத்தில் படகேறி, தீவுக்குத் தீவு நீந்துகிற யானைகளைப் பார்க்க வேண்டுமா? தீகவாபி விகாரைக்குப் போக வேண்டுமா? அதற்கு அம்பாறைதான் சரி. அந்தத் தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன்: ஒரு இரவை அங்கே வைத்து, மற்ற இரண்டையும் உல்லைக்கு மாற்று.

இதே பிழையின் பெரிய வடிவம் ஒன்றும் உண்டு. பாசிக்குடாவில் நான்கு இரவு போட்டுவிட்டு "ஒருநாள் அறுகம்குடா போய்வரலாம்" என்பது. ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வரைபடத்தில் கடற்கரையோரம் ஒரே நேர்கோடு, இரண்டரை மணித்தியாலம் என்று காட்டும். வீதியில் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊருக்கு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. பாடசாலை விடும் நேரம் கல்முனையில் மாட்டிப் பாருங்கள்.

வாழைச்சேனையில் இறங்காமல் தூங்குவது

கொழும்பிலிருந்து வரும் ரயில் பொலன்னறுவை, வெலிக்கந்தை கடந்து முதலில் வாழைச்சேனைக்குத்தான் வரும். மட்டக்களப்பு கடைசி. பாசிக்குடா போகிறவர் கடைசிவரை வந்து இறங்கினால், வந்த வழியே 35 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். பயணச்சீட்டை மட்டக்களப்புக்கு எடுத்துவிட்டோமே என்று அப்படியே இருக்கிறவர்கள் உண்டு. வாழைச்சேனையில் இறங்கினால் ஓட்டோவுக்குச் சில நிமிட ஓட்டம்.

"பாதை" என்றால் வீதி என்று நினைப்பது

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. எங்கள் ஊரில் "பாதை" என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. ஆட்கள், மோட்டார் சைக்கிள், ஆடு எல்லாம் ஏறிக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குருமண்வெளியில் நின்று மண்டூர் முருகன் கோயிலுக்கு வழி கேட்டிருக்கிறது. "பாதையால போங்க, கிட்டத்தான்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர்கள் வேனைத் திருப்பி வீதி வீதியாகத் தேடி, பூசை முடிந்தபின் போய்ச் சேர்ந்தார்கள்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரருக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. மற்றத் துறைகளில் வரைபடம் காட்டுகிற இரண்டு கிலோமீட்டரை நம்ப வேண்டாம். நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதையில் போவதானால் கடைசி ஓட்டம் எத்தனை மணிக்கு என்று போகும்போதே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லடிப் பாலத்தில் நின்று மீன் பாட்டுக்குக் காத்திருப்பது

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள். வாவிக்கு மேலே பாலத்தில் நின்றால் மோட்டார் சைக்கிள் பாட்டுத்தான் கேட்கும். பௌர்ணமி இரவு, தோணி, தண்ணீருக்குள் துடுப்பு, துடுப்பின் மற்ற நுனியில் காது. அப்படிக் கேட்க வசதியில்லை என்றால் பாலத்தில் காற்று வாங்கிவிட்டு வந்து படுங்கள்.

கல்லடிக் கடலையும் பாசிக்குடாக் கடலையும் ஒன்றென்று எண்ணுவது

பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். கல்லடியில் அப்படி இல்லை. பிள்ளைகளை விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காத்தான்குடியில் பசியோடு நிற்பது

ஜும்ஆத் தொழுகை முடியும்வரை கடை மூடித்தான் இருக்கும். கல்முனை, அக்கரைப்பற்றிலும் அதே. நோன்பு மாதத்தில் பகல் முழுக்க. ஆனால் நோன்பு திறந்தபின் காத்தான்குடிக் கடைத்தெருவுக்குப் போகாமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை.

ஹெர்மிஸ் பார்க்க முன்காசு கட்டுவது

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல், மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. 50 மீற்றருக்கு மேல் ஆழம். நேற்றுச் சுழியோடப் பழகியவர் இறங்குகிற இடமில்லை. முதலில் உங்கள் சான்றிதழைக் காட்டுங்கள், பிறகு காசைப் பற்றிப் பேசுங்கள்.

ஆடியில் பகல் முழுக்க ஊர் சுற்றத் திட்டம் போடுவது

கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில்தான் கச்சான் காற்றும் வீசும். சாப்பிடுகிற நிலக்கடலைக் கச்சான் இல்லை, தரைப்பக்கமிருந்து வருகிற சுடுகாற்று. பதினொரு மணிக்குமேல் ஒல்லாந்தர் கோட்டைச் சுவரில் கைவைக்க முடியாது. கோட்டையை விடியற்காலையில் பாருங்கள், மத்தியானம் தூங்குங்கள். கால அட்டவணையை நிரப்பிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

இரண்டரை மணிக்குச் சோறு கேட்பது

சோற்றுக் கடைகளில் பன்னிரண்டரைக்கு மீன், இறால், நண்டு எல்லாம் இருக்கும். இரண்டு மணிக்குப் பருப்பும் பரிதாபமும் இருக்கும். சின்ன விடுதிகளில் இன்னும் கவனம். அவர்கள் காலையில் மீன் வருகிறபோது எத்தனை பேர் என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். காலைப் பிட்டுச் சாப்பிடும்போதே "மத்தியானம் ஆறு பேர், நண்டு வேணும்" என்று சொல்லிவிட வேண்டும். பெரிய ஹோட்டலில் வரிசையாக அடுக்கி வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மட்டக்களப்புச் சாப்பாடு சுமார்தான் என்று போகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்குவதானால் கடைசி நாள், வீட்டுக்குப் புறப்படும் காலையில் வாங்குங்கள். சின்னம்மா வந்தபோது முதல் நாளே நாலு சட்டி வாங்கிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்தேன். கல்முனையில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. இருக்கை உறையை இரண்டு முறை மாற்றியாயிற்று. வெயில் ஏறினால் அந்த மணம் இன்னும் வரும்.