துபாய்க்கும் அபுதாபிக்கும் நடுவே காணாமல் போகும் 20 கிலோமீட்டர்

போன மாதம் எங்கள் அறைக்குப் புதிதாக வந்த தம்பி, லைசென்ஸ் எடுத்து மூன்றாவது வாரத்தில், போனை என் முன்னால் நீட்டினான். அபுதாபி போலீஸிடமிருந்து ஐந்து மெசேஜ். ஒவ்வொன்றிலும் 300 திர்ஹம். “அண்ணே, 20 கூடப் போகலாம்னுதானே எல்லாரும் சொன்னாங்க?” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை நானும் 2018-ல் கேட்டவன்தான்.

பெல்ட் போடு, ஓட்டும்போது போனைத் தொடாதே என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அமீரகத்தில் வண்டி ஓட்ட வரும் நம் ஆட்கள் ரேடாரில், அதாவது சாலையோர வேகக் கேமராவில், வழக்கமாக மாட்டும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அந்த 20

துபாயில் வேக வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை ரேடார் கண்டுகொள்ளாது. போர்டில் 100 என்றால் 121-ல்தான் பிடிக்கும். அபுதாபியிலும் முன்பு இப்படித்தான் இருந்தது. 2018 ஆகஸ்ட் 12 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ரேடாரைத் தொடவில்லை, போர்டைத்தான் மாற்றினார்கள். துபாய்–அபுதாபி இ-11 சாலையில் அதுவரை 120 என்று எழுதியிருக்கும், 141-ல் பிடிக்கும். அதற்கப்புறம் 140 என்று எழுதினார்கள். பிடிப்பது அதே 141-ல்தான்.

இது நடந்தபோது நான் விடுமுறையில் அறந்தாங்கியில் இருந்தேன். செப்டம்பரில் திரும்பி வந்த மறுநாளே முதலாளி காரை எடுத்துக்கொண்டு அபுதாபிக்குக் கிளம்பினேன். அபுதாபி எல்லையில் இருக்கும் கந்தூத் தாண்டியதும் 140 போர்டு. ‘வரம்பை ஏத்திட்டான் போல, அப்போ 160 வரை போகலாம்’ என்று மனசு கணக்குப் போட்டது. 155-லேயே வைத்துக்கொண்டேன். அதையும் ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டு! போகும்போது நாலு ரேடார், வரும்போது ரெண்டு. ஆறும் 300 வீதம், மொத்தம் 1,800 திர்ஹம். அப்போது என் சம்பளம் 2,000.

மெசேஜ் எல்லாம் முதலாளி போனுக்குப் போயிருக்கிறது, அவர் திறந்தே பார்க்கவில்லை. முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கப் போன அன்றைக்குத்தான் பட்டியல் கைக்கு வந்தது. மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போனை அணைத்து வைத்திருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்தும் புதிதாக வரும் பையனிடம் நம் ஆட்கள் முதலில் சொல்வது இந்த ‘20 கூட்டிக்கோ’தான். எந்த ஊரில் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எரிச்சலாக இருக்கிறது.

திரும்பி வரும் பக்கம் இன்னும் மோசம். இ-311 சாலையில் அபுதாபி பக்கம் 140. அரை மணி நேரம் அந்த வேகத்தில் வந்தால் காலுக்கு அது பழகிவிடும். துபாய் எல்லைக்குள் அதே சாலைக்கு 110தான். 2017 அக்டோபரில் 120-லிருந்து குறைத்தார்கள். 131-ல் ரேடார் பிடிக்கும். நீங்கள் 140-லேயே வந்தால் 30 கூடுதல். அபராதத்தை 110-லிருந்துதான் எண்ணுவார்கள், 130-லிருந்து இல்லை. 20 வரை கூடினால் 300, 30 வரை கூடினால் 600. ஆக, போகும்போது செய்யும் தப்பைவிட வரும்போது செய்வதற்கு இரட்டிப்பு.

அப்புறம் பனிக்காலம். அபுதாபியில் காலையில் மூடுபனி இறங்கினால் மின்னணுப் போர்டில் 80 என்று வந்துவிடும், ரேடாரும் அதற்கேற்ப மாறிவிடும். வழக்கம்போல 140-ல் போனால் 60 கூடுதல். 1,500 திர்ஹம், 6 பிளாக் பாயின்ட், வண்டி 15 நாள் போலீஸ் பிடியில். இன்னும் ஒரு கிலோமீட்டர் கூடினால் 2,000, 12 பாயின்ட், 30 நாள். பாயின்ட் 24 சேர்ந்தால் லைசென்ஸ் முடங்கும்.

ரேடார் பெட்டியைப் பார்த்ததும் பிரேக்

பெட்டிக்கு நேராக வரும்போதுதான் ரேடார் அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அனுப்பும் அலை முன்கூட்டியே வண்டியில் பட்டுத் திரும்பிவிடும். திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. போலீஸ்காரர் கையில் இருக்கும் லேசர் கன் என்றால் சில நூறு மீட்டர் தூரத்திலேயே வேகத்தை எடுத்துவிடும். நீங்கள் பிரேக்கை மிதிப்பது ரேடாருக்குத் தெரியாமல் போகலாம், பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். இப்படி ஒட்டி ஓட்டுவதையும் இப்போது ரேடார் பிடிக்கிறது: 400 திர்ஹம், 4 பாயின்ட்.

இந்தப் பெட்டிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மாரிஸ் காட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர். 1953-ல் மான்டி கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை ஜெயித்தவர். வளைவுகளில் தன் காரை இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும் என்று அளவுக்கருவி செய்யப் போனவர். நம்மைப் பிடிப்பது கடைசியில் வேகப் பைத்தியம் ஒருவர் செய்த பெட்டி.

பிளாஷ் அடிக்கவில்லை, தப்பிச்சோம்

இல்லை. பல ரேடார்களில் இப்போது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது.

பெரிய டயர்

என் அக்கா மகன் பாலைவனத்துக்கு என்று ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டினான். “மாமா, மீட்டர்ல 138தான் இருந்துச்சு” என்று சத்தியம் செய்தான். ரேடார் காட்டியது 146. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். டயரின் விட்டம் ஆறு சதவீதம் கூடினால், ஒரு சுற்றுக்கு வண்டி ஆறு சதவீதம் அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. கம்பெனி டயரில் மீட்டர் பெரும்பாலும் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அந்தக் கூடுதலை டயர் மாற்றியதில் தின்றுவிட்டான்.

நம்பர் பிளேட்டில் மணல் அப்புவது

அதற்கும் தனியாக 400.

கட்டாமல் கிடப்பில் போடுவது

முதலாளி சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். வண்டி நம்பரைப் போட்டு வாரம் ஒரு முறை நீங்களே பாருங்கள். அபுதாபி அபராதத்தை 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் ஒரு வருஷத்துக்குள் என்றால் 25. தம்பியின் 1,500-ல் 525 போக 975. அறையில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அன்றைக்கு ராத்திரியே கட்டினோம். அவன் டாஷ்போர்டில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறான்: ‘கந்தூத் — 140 = 140’.