வானிலை மாறும்போது நிலக்காட்சியைப் படமெடுத்தல்

மேகமற்ற நண்பகல் வானம் பயணிக்கு உகந்ததே தவிர, நிலக்காட்சிப் படத்துக்கு அத்தனை உகந்ததன்று. மழை ஓய்ந்து மேகம் கிழியும் நேரமும், மூடுபனி விலகத் தொடங்கும் நேரமும் அதைவிடப் பன்மடங்கு தரும். ஆனால் அவை சில நிமிடங்களே நீடிக்கும் என்பதால், அப்போது பொத்தான்களைத் தடவிக்கொண்டிருப்பவர் காட்சியைத் தவறவிடுவார். எனவே வெளிச்சம் வருவதற்கு முன்பே முடித்துவைக்க வேண்டிய வேலைகளே அதிகம்.

இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, முன்புறத்தில் எந்தப் பாறையை அல்லது மரத்தை வைப்பது என்பதை வெளிச்சம் மந்தமாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். சூரியன் ஆறு பாகை உயரத்துக்குக் கீழே வந்தபின் கிடைக்கும் பொன்னிற ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், அந்த ஆறு பாகையிலிருந்து அடிவானத்தைத் தொட 25 நிமிடங்களே ஆகும். 60 பாகை அட்சரேகையில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில்கூட, ஏறத்தாழ இரு மடங்கு நேரம் கிடைக்கும்.

கேமராவை அபெர்ச்சர் முன்னுரிமை முறையில் (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் குறிக்க, ஷட்டர் நேரத்தைக் கேமராவே தேரும் முறை) எஃப்/8 அல்லது எஃப்/11 அளவிலும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 100 அளவிலும் வைத்து, சுருக்கப்படாத மூலத் தரவான ரா கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எஃப்/16-ஐத் தாண்டித் துளையைச் சிறிதாக்கினால், ஒளி வளைந்து பரவும் விளிம்பு விலகலால் படத்தின் கூர்மை குறையத் தொடங்கும். முக்காலி இருந்தாலும் காற்றில் ஆடும் புல்லை அது நிறுத்தாது, அப்போது ஷட்டர் வேகம் கூடும்படி ஐ.எஸ்.ஓ.வை 400 அல்லது 800-க்குத் தயங்காமல் உயர்த்துங்கள். படத்தில் சேரும் புள்ளியிரைச்சலைப் பின்னர் குறைக்க முடியும், கலங்கிய இலையைத் தெளிவாக்க முடியாது.

வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும்போது முழுக்க முழுக்கக் கையால் அமைக்கும் முறையே தொழில்முறை என்று சிலர் கூறுவதை நான் ஏற்பதில்லை. மேகம் ஒருமுறை விலகினால் ஒளி மூன்று ஸ்டாப் வரை கூடிவிடக்கூடும் (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு). அதைக் கேமராவே கவனித்துக்கொள்ளட்டும், ஒளியைக் கூட்டும் அல்லது குறைக்கும் திருத்தத்தை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பல படங்களை ஒட்டி அகலக் காட்சி அமைக்கும்போது மட்டும் அளவுகளைக் கையால் நிலைநிறுத்துவது அவசியம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். அதனால் வெண்மூடுபனி அழுக்குச் சாம்பலாகவும், கருமேகம் வெளிறியும் பதிவாகும். மூடுபனிக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், பனி மூடிய நிலத்துக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள், புயல்மேகத்துக்குச் சற்றுக் குறையுங்கள். பின்திரையில் படம் எப்படித் தெரிகிறது என்பதை நம்பாமல், கருமை முதல் வெண்மை வரை ஒளி பரவியிருப்பதைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள்: அது சுவரில் மோதியதுபோல் குவிந்திருந்தால், வானத்தின் விவரம் மீட்க முடியாதபடி போயிருக்கலாம். வானத்துக்கும் தரைக்கும் இடையே ஒளி வேறுபாடு மிக அதிகமாக இருந்தால், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்துப் பின்னர் இணைக்கலாம். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் அந்திச் செம்மையை அது நடுநிலையாக்கிவிடும் என்பதால், பகலொளி அமைப்பிலேயே நிறுத்துங்கள்.

மழையில் லென்ஸின் முன் நீண்டிருக்கும் மறைப்பு வளையத்தை (ஹுட்) கழற்றாதீர்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, துடைக்கும் மென்துணிகள் மூன்றையாவது தனித்தனிப் பைகளில் வைத்திருங்கள், ஏனெனில் முதல் துணி பத்தே நிமிடத்தில் நனைந்துவிடும். மழை நின்றதும், பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடியான போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டுச் சுழற்றினால், ஈர இலைகளின் வெண்பளபளப்பு நீங்கி அவற்றின் பச்சை வெளிப்படும். நீல வானத்தில் அதன் விளைவு சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான் மிகுதி. அகல லென்ஸில் இது வானத்தின் ஒரு பகுதியை மட்டும் கருமையாக்கி விகாரமாகத் தெரியும். வானவில்லைத் தேடுவோர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அதன் வளைவு சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 42 பாகையில் அமைவதால், சூரியன் அதைவிட உயரத்தில் இருக்கும்போது சமதரையிலிருந்து மழைத்திரையில் அது தெரியாது. போலரைசரைத் தவறான கோணத்தில் சுழற்றினால் வானவில்லே மறைந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

சூரியன் மறைந்ததும் பெரும்பாலானோர் பையைக் கட்டிவிடுகிறார்கள். உயரமான மேகங்கள் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பின்னரும் அடியிலிருந்து ஒளியேறிச் சிவக்கலாம். தெளிந்த வானமாக இருந்தால் எதிர்த்திசையிலும் திரும்பிப் பாருங்கள்: அடிவானத்தில் எழும் நீலச்சாம்பல் பட்டை பூமியின் நிழல், அதற்கு மேலிருப்பது இளஞ்சிவப்பு.

மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடிகளுக்குக் குறைவாக இருந்தால் இடி சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ சென்று, கடைசி இடியோசைக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். கடுங்குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் நுழையும்போது கேமராவை வெளியிலேயே காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, அறையின் வெப்பநிலையை அது அடையும்வரை திறக்காதீர்கள். ஈரம் பைக்கு வெளிப்புறமே படியும். படங்களை அன்றிரவே பார்க்க விரும்பினால், நினைவக அட்டையை மட்டும் பையை மூடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.