கேம்பர் கூரை விசிறி: மாரிக்கு முன் ஒரு வேலை

அறுகம்குடாவில் கேம்பர் டிரெய்லரோடு (வாகனத்தில் கட்டி இழுக்கும் தங்கும் வண்டி) தங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கூரை விசிறிக்கு வழமையான ஓட்டை ஏறக்குறைய 14 அங்குலச் சதுரம். வயரும் சட்டமும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். விசிறியின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப்பை (தண்ணீர் புகாமல் அடைக்கும் மெதுவான ஒட்டுப்பட்டி) சுற்றி ஒட்டி, மூலைகளில் இடைவெளி இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஸ்குரூவை இறுக்கும்போது டேப் ஓரத்தால் கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். அப்புறம் விளிம்பும் ஸ்குரூத் தலைகளும் மூடும்படி கூரைக்கான சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசுங்கள். சிலிக்கன் பூசவே வேண்டாம். நான் பூசினேன், முதல் மாரியிலேயே மெத்தை நனைந்தது. அந்தச் சிலிக்கனை முழுதாகச் சுரண்டி எடுக்காமல் மேலே வேறெதுவும் ஒட்டாது. ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், இந்த உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரமே கறள் பிடித்துவிடும். 12 வோல்ட் வயரில் ஃபியூஸ் கட்டாயம்.