ஒரு நொடியில் முடிந்த வைரஸ் ஸ்கேன்

உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) 20.04 இருந்த கணினியில் 22.04-ஐப் புதிதாக நிறுவினேன். அன்றிலிருந்து கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளின் கிளாம்டிஸ்கேன் கட்டளை கொடுத்தால் ஒரு நொடிக்குள் முடிந்து, வைரஸ் உள்ள கோப்புகள் 0 என்றது. ஹோம் ஃபோல்டரில் இருப்பதோ 40 ஜிபி. சந்தேகப்பட்டு, 68 பைட் அளவுள்ள ஐகார் சோதனைக் கோப்பை (ஆபத்தில்லாதது, ஆனால் வைரஸ் ஸ்கேனர்கள் பிடிக்க வேண்டியது) அங்கே போட்டுப் பார்த்தேன். அதற்கும் 0 தான்.

ஃபிரெஷ்கிளாம் கட்டளையை ஓட்டி வைரஸ் பட்டியலைப் புதுப்பித்தேன். எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவினேன். சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடும் ஓட்டினேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

நான் கிரெப் என்ற வரி வடிகட்டும் கட்டளையை வைத்து அந்த 0 இருக்கும் வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு வெளியீட்டையும் பார்த்தபோது அடுத்த வரியிலேயே 'மொத்தப் பிழைகள் 1' என்று இருந்தது. மேலே 'பெர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி மறுப்பு.

விஷயம் இதுதான்: கோப்பைத் திறப்பது நாம் ஓட்டும் கட்டளை அல்ல, பின்னணியில் ஓடும் கிளாம்டி என்ற நிரல். அது கிளாம்ஏவி என்றே பெயர் கொண்ட தனிப் பயனராக ஓடுகிறது. அதனால்தான் சூடோ உதவவில்லை. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 755 (யாரும் உள்ளே பார்க்கலாம்) அல்ல, 750 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும்). வெளிப் பயனர் உள்ளே நுழையவே முடியாது.

அனுமதியைத் தளர்த்த எனக்கு மனமில்லை. கட்டளையோடு இரட்டைக் கோடு போட்டு எஃப்டிபாஸ் (--fdpass) என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். அப்போது கோப்பை நம் கட்டளையே திறந்து கிளாம்டியிடம் கொடுத்துவிடும். ஐகார் உடனே சிக்கியது; அப்பாடா என்றிருந்தது. முழு ஸ்கேன் முடிய இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.